44 வயதில் கரஸில் டிகிரி: நீடாமங்கலத்துக் கேள்விக்கு ஒரு பதில்

நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண்மணி கேட்டிருக்கிறார். வயது 44. பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப், நல்ல மார்க். ரிசல்ட் வந்த ஆனியிலேயே கல்யாணம். வீட்டுக்காரருக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. மகன் கல்லூரியில், மகள் பத்தாவது. இவர் உள்ளூர்க் கூட்டுறவு சங்கத்தில் தற்காலிகமாகக் கணக்கு எழுதுகிறார். கேள்விகள் நான்கு: கரஸில், அதாவது தொலைநிலைக் கல்வியில், வாங்கும் டிகிரி செல்லுமா? எங்கே சேர்வது? என்ன பாடம் எடுப்பது? இந்த வயதில் படிப்பு மண்டையில் ஏறுமா?

கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சனி, ஞாயிறுகளில் தொலைநிலை மாணவர்களுக்கு வகுப்பு எடுத்த பழக்கம் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் செல்லுமா என்பது. செல்லும். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2020இல் கொண்டுவந்த திறந்தநிலை, தொலைநிலை, ஆன்லைன் கல்வி விதிமுறைகளின்படி, அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரில் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டமும் சமம். 2022 செப்டம்பரிலும் யுஜிசி இதைத் தனி அறிவிப்பாகவே வெளியிட்டது. 'கரஸ்ல படிச்சதா?' என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் அது அவர்கள் பழக்கம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

ஆனால் 'அங்கீகாரம் பெற்ற' என்ற இடத்தில்தான் எல்லா வம்பும் இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பெயர் இருக்கிறது, நூறு வருடப் பழமை இருக்கிறது என்பதெல்லாம் இங்கே போதாது. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுப்பது பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து மொத்தமாக அல்ல. இந்தப் பல்கலைக்கழகம், இந்தப் படிப்பு, இந்தக் கல்வியாண்டு என்று மூன்றையும் சேர்த்துத்தான். பி.காமுக்கு அனுமதி இருக்கும், பி.பி.ஏ.வுக்கு இருக்காது. போன வருடம் இருந்திருக்கும், இந்த வருடம் இருக்காது. அந்தப் பிரிவின் இணையதளத்தில் ஆண்டுவாரியாகப் பட்டியல் கிடைக்கும். நீங்கள் சேரப்போகும் சுற்றுக்கு உங்கள் படிப்பின் பெயர் அதில் இருக்கிறதா என்று மகனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, தேதியோடு கோப்பில் போட்டுவையுங்கள். ஐந்து வருடம் கழித்து யாராவது கேட்டால் அந்தத் தாள் பேசும்.

சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1979இல் அங்கே அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எத்தனையோ ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், வங்கிக்காரர்கள் அந்தப் பட்டத்தை வைத்துத்தான் வாழ்க்கையில் ஒரு படி ஏறினார்கள். அப்பேர்ப்பட்ட இடத்தைப் பற்றியே, அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் கொடுக்கப்பட்டிருந்தது என்று 2022 மார்ச்சில் யுஜிசி பொது எச்சரிக்கை வெளியிட்டது. நடுவில் சேர்ந்து படித்தவர்கள் பாடு திண்டாட்டம். அந்தப் பல்கலைக்கழகத்தைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. பெயரை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு சிக்கல் உங்களுக்கு இல்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறு பலருக்கு இருக்கும். பத்தாவது, பிளஸ் டூ படிக்காமலேயே நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிகிரி வாங்கும் வழி ஒரு காலத்தில் இங்கே ரொம்பப் பிரபலம். அப்படி வாங்கிய பட்டம் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது என்று தமிழக அரசு 2009இல் ஆணை போட்டது. பத்து, பன்னிரண்டு, அப்புறம் மூன்று வருடப் பட்டம் என்ற வரிசை வேண்டும் என்பதே நடைமுறை. எனவே பத்தாவதோடு நின்றவர்கள் முதலில் பிளஸ் டூவை முடிக்கட்டும். தனித்தேர்வராக அரசுத் தேர்வுகள் இயக்ககம் மூலம் எழுதலாம். இரண்டு வருடம் தள்ளிப்போகும்தான். வரிசை தவறிய பட்டத்தைப் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டி வைப்பதைவிட அது மேல்.

அப்புறம் விளம்பரங்கள். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, மின்கம்பங்களில், மாடிப்படி ஏறும் இடத்தில் ஒட்டியிருப்பார்கள்: 'ஒரே வருடத்தில் டிகிரி', 'தேர்வு எழுத வரவேண்டாம்', 'பழைய தேதியில் கிடைக்கும்'. மூன்று வருடப் படிப்பை ஒரு வருடத்தில் தர இந்தியாவில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அதிகாரம் இல்லை. வேறு மாநிலங்களைச் சேர்ந்த மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லையைத் தாண்டி வந்து இங்கே கிளை மையம் நடத்தவும் அனுமதி இல்லை. இடைத்தரகர் கையில் பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கட்டணம் நேராகப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்குப் போகவேண்டும், ரசீது உங்கள் பெயரில் வரவேண்டும். சங்கத்தில் கணக்கு எழுதுகிறவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சரி, எங்கே சேர்வது? உங்களுக்கு இரண்டு பெரிய கதவுகள். ஒன்று தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 2002இல் சட்டமன்றச் சட்டத்தின் மூலம் வந்தது, தலைமையகம் சென்னை சைதாப்பேட்டை. இன்னொன்று இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், எல்லோரும் சொல்வது இக்னோ. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது, தலைமையகம் டெல்லி. இரண்டுக்கும் திருச்சியில் மண்டல மையம் உண்டு. நீடாமங்கலம் ஜங்ஷனில் ரயில் ஏறினால் தஞ்சாவூர் வழியாகத் திருச்சி. ஒரு பகலில் போய்த் திரும்பிவிடலாம்.

இவை தவிர திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் இருக்கிறது, தொலைநிலைப் படிப்புகள் நடத்துகிறது. தமிழ் இலக்கியம், வரலாறு என்று மனம் போனால் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கேயும் தொலைநிலைக் கல்வி உண்டு. உங்களுக்கு ஏற்றது எது என்றால், என் தேர்வு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். காரணம் ஒன்றுதான்: தமிழில் படித்துத் தமிழில் எழுத முடியும். இக்னோவின் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலம் அல்லது இந்தி. புத்தகம் நன்றாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இருபத்தைந்து வருடம் கழித்துப் புத்தகத்தைத் திறக்கும்போது பாடத்தோடும் மல்லுக்கட்டி, மொழியோடும் மல்லுக்கட்ட வேண்டாம். ஆங்கிலத்தில் கை தேறவேண்டும் என்பதே உங்கள் நோக்கமாக இருந்தால் இக்னோவுக்குப் போங்கள். அப்போது அந்தக் கஷ்டமே பாடம். எங்கே சேர்ந்தாலும், இக்னோவின் பாடங்கள் இ-ஞானகோஷ் என்ற அவர்களுடைய இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தொலைநிலையில் கிடைக்காதவையும் உண்டு. பொறியியல், மருத்துவம், நர்ஸிங், மருந்தியல், சட்டம், வேளாண்மை ஆகியவை தொலைநிலையில் கிடையாது. விவசாயக் குடும்பம்தானே, பி.எஸ்ஸி. அக்ரி கரஸில் படிக்கலாமா என்று டெல்டாவில் நிறையப் பேர் கேட்பார்கள். முடியாது. உளவியலையும் 2025இலிருந்து தொலைநிலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பி.எட். தொலைநிலையில் உண்டு, ஆனால் ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணியில் இருக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்காக வைத்தது அது. பி.ஏ. முடித்தவுடன் தபாலில் பி.எட். என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

பாடத்துக்கு வருவோம். இங்கே நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன். 44 வயதில் டிகிரி வாங்கினால் வருமானம் திடீரென்று எகிறிவிடும் என்று யாரும் உங்களிடம் சொல்லக்கூடாது. எதற்காக இந்தப் பட்டம் என்று முதலில் தீர்மானியுங்கள். உங்கள் நிலைமையில் அதற்கு ஒரு தெளிவான பதில் இருக்கிறது. கூட்டுறவு நிறுவனங்களில் உதவியாளர், எழுத்தர் போன்ற நிரந்தரப் பதவிகளுக்கு ஆள் எடுக்கும்போது ஏதேனும் ஒரு பட்டமும் அதோடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்பார்கள். பட்டம் மட்டும் இருந்தால் பாதிக் கிணறு. தமிழ்நாடு கூட்டுறவு ஒன்றியத்தின் கீழுள்ள மேலாண்மை நிலையங்கள் நடத்தும் பட்டயப் பயிற்சியையும் கணக்கில் வையுங்கள். பி.காம். எடுங்கள். காமர்ஸ் குரூப் படித்தவர், தினமும் பேரேட்டைப் புரட்டுகிறவர். கணக்குப் பதிவியலில் பாதி உங்கள் மேஜை மேலேயே கிடக்கிறது.

டி.என்.பி.எஸ்.சி. பற்றியும் கேட்பீர்கள். குரூப் 2 தேர்வுக்குப் பட்டம் வேண்டும். பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு அதில் பெரும்பாலான பதவிகளுக்கு மேல் வயது வரம்பு இல்லை. ஆக, 50 வயதில் எழுதவும் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் போட்டி கடுமை, அதை நம்பிச் சங்க வேலையை விட்டுவிடாதீர்கள்.

வேலைக்காக இல்லை, எனக்காகத்தான் என்றால் பி.ஏ. வரலாறு படியுங்கள். உங்களை மாதிரி டெல்டாக்காரருக்கு அது சுகமான பாடம். 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டியது, 1934இல் மேட்டூர் அணை வந்தது, தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது, 1955இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1968இல் கீழவெண்மணியில் விவசாயக் கூலிகளின் குடும்பங்கள் எரித்துக் கொல்லப்பட்டது. சென்னையில் உட்கார்ந்து படிக்கிற இருபது வயதுப் பையனுக்கு இதெல்லாம் மனப்பாடம் செய்யவேண்டிய ஆண்டுகள். உங்களுக்கோ மாமனார் திண்ணையில் உட்கார்ந்து பேசிய பேச்சு. வாரச் சாகுபடி என்றால் என்ன, குத்தகை என்றால் என்ன, முறைப்பாசனம் என்றால் என்ன என்று விளக்க ஆள் வேண்டாம். கூட்டுறவு பாடத்திலும் அப்படித்தான். 1904இல் இந்தியாவில் முதல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது, அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் சென்னை மாகாணத்தின் முதல் சங்கம் பதிவானது என்று படிக்கும்போது, பயிர்க்கடன் வரிசையில் நிற்கிற முகங்கள் உங்கள் கண்ணில் வரும். அது வந்துவிட்டால் பதில் தானாக எழுதும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். தொலைநிலையில் சேர்ந்து பாதியில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சத்துணவு அமைப்பாளர், காவலர், கிராம உதவியாளர், ஜவுளிக்கடையில் நிற்கும் பெண் என்று எல்லாத் தரப்பும் வகுப்புக்கு வந்தார்கள். மண்டையில் ஏறாமல் விட்டவர்கள் அதில் ரொம்பக் குறைவு. கல்லூரிப் பிள்ளையின் கால அட்டவணையைத் தங்கள் மேல் போட்டுக்கொண்டு மூச்சு முட்டிப்போய் விட்டவர்கள்தான் அதிகம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இக்னோவில் மூன்று வருட இளநிலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட். தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. ஆக 3600 மணி நேரம். மூன்று வருடத்தில் முடிக்க வாரத்துக்கு 23 மணி நேரம் வேண்டும். சங்க வேலை, சமையல், மாடு, நடவுக்கு ஆள் விடுவது, மகளின் பத்தாவது எல்லாம் போக வாரத்துக்கு 23 மணி நேரம் எங்கிருந்து வரும்? வராது. அதையே ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். அது நடக்கிற காரியம். இக்னோவில் மூன்று வருடப் பட்டத்தை ஆறு வருடம் வரை நீட்டி முடிக்கலாம் என்று விதியே இருக்கிறது. மற்ற இடங்களிலும் கூடுதல் அவகாசம் உண்டு, விவரணக் கையேட்டில் எத்தனை ஆண்டு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அவகாசத்தை யாரும் அவமானமாக நினைக்கவேண்டாம். அது உங்களைப் போன்றவர்களுக்காகவே வைத்தது.

அந்த இரண்டு மணி நேரமும் வருடம் முழுவதும் ஒரே மாதிரி கிடைக்காது என்பதுதான் டெல்டாவின் சங்கதி. திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் தேர்வு வழக்கமாக ஜூனிலும் டிசம்பரிலும். நம் பக்கத்து வருடம் எப்படி ஓடுகிறது? ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை. ஆவணி, புரட்டாசியில் குறுவை அறுப்பும் சம்பா வேலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். குறுவை எடுத்த வயலில் ஐப்பசியில் தாளடி. உங்கள் சங்கத்திலோ அப்போதுதான் பயிர்க்கடன், உர வரத்து. நவம்பர் நடுவில் சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி என்று ஊரே கவுண்டரில் நிற்கும். அதற்கு மேல் மழை. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையேறியபோது வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த டிசம்பரில் படிப்பாவது ஒன்றாவது. டிசம்பர் தேர்வு முடிந்து எழுந்தால் தை அறுவடை, கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காவல்.

மாசி பிறந்தால்தான் மூச்சு வரும். உளுந்து, பயறு தெளித்த வயல் அதுபாட்டுக்கு வளரும். மாசி நடுவிலிருந்து வைகாசி வரை மூன்று, மூன்றரை மாதம். அதுதான் உங்கள் படிப்புப் பருவம். எனவே ஜூன் தேர்வை உங்கள் பெரிய தேர்வாக வைத்துக்கொள்ளுங்கள். கனமான தாள்கள், கணக்குத் தாள்கள் எல்லாம் அதில். டிசம்பருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு, அதுவும் லேசானவை. கட்டணம் கட்டிய எல்லாத் தாளையும் முதல் வாய்ப்பிலேயே எழுதவேண்டும் என்று கட்டாயம் இல்லை. தேர்வு விண்ணப்பத்தில் எந்தத் தாள் எழுதுகிறோமோ அதை மட்டும் குறிக்கலாம். எல்லாவற்றையும் எழுதிப் பாதியில் அரியர் வைப்பதைவிட, எழுதுகிறதைத் தேறுகிறபடி எழுதுவது தெம்பு தரும். இக்னோவில் இளநிலைக்குத் தேர்ச்சி 35 சதவீதம். அதை ஒரு எல்லையாக வைக்காதீர்கள், ஆனால் பயத்தை ஓட்ட அந்த எண் உதவும்.

புத்தகம் தபாலில் வரும். தாமதமாகவும் வரும், சில சமயம் தேர்வுக்குக் கொஞ்சம் முன்புதான் வரும். அதற்காகக் காத்திருக்காதீர்கள், சீனியர் யாரிடமாவது பழைய புத்தகம் இருக்கும். பழைய வினாத்தாள்கள் அதைவிட முக்கியம். நான்கைந்து வருடத்து வினாத்தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்தப் பகுதியிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று ஒரு மாலையில் தெரிந்துவிடும்.

அசைன்மென்ட் என்ற ஒன்று உண்டு. மொத்த மதிப்பெண்ணில் 30 அதற்கு, 70 தேர்வுக்கு. கையால் எழுதி, குறித்த தேதிக்குள் கொடுக்கவேண்டும். ஜெராக்ஸ் கடைகளில் 'ரெடிமேட்' அசைன்மென்ட் விற்பார்கள், பார்த்து எழுதினால் போதும் என்பார்கள். வாங்காதீர்கள். நல்லொழுக்கம் பேசவில்லை, லாபக் கணக்குச் சொல்கிறேன்: அசைன்மென்ட்டில் கேட்கிற கேள்வியின் சாயல்தான் தேர்விலும் வரும். சொந்தமாக எழுதியவருக்கு அங்கேயே பாதிப் படிப்பு முடிந்துவிடுகிறது. தேதியைத் தவறவிட்டால் தேர்வு எழுதியும் ரிசல்ட் முழுமையாகாமல் நிற்கும். இப்படி ஒரே ஒரு அசைன்மென்ட்டால் பட்டம் கைக்கு வராமல் அலைந்தவர்கள் உண்டு. கொடுக்கும்போது ஒப்புகை வாங்குங்கள், கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேரடி வகுப்புக்குப் போகவேண்டுமா? தியரிப் பாடங்களுக்குப் பொதுவாகக் கட்டாயமில்லை. செய்முறை உள்ள படிப்புகளுக்குக் கட்டாயம். கட்டாயமில்லாவிட்டாலும் முதல் இரண்டு வகுப்புக்காவது போய் வாருங்கள். ஆசிரியர் என்ன நடத்துகிறார் என்பது இரண்டாம்பட்சம். உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிற இன்னும் இரண்டு பெண்கள் அங்கே கிடைப்பார்கள். ஹால் டிக்கெட் வந்துவிட்டது, தேதி மாறிவிட்டது, மையம் மாற்றிவிட்டார்கள் என்ற செய்தி அவர்கள் வழியாகத்தான் முதலில் வரும்.

அடுத்து அந்த 'மண்டையில் ஏறுமா'. பீகாரில் ராஜ்குமார் வைஷ்யா என்பவர் 1938இல் பி.ஏ. முடித்தவர். நாளந்தா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொருளாதாரம் படித்து 2017இல் தேறியபோது அவருக்கு வயது 98ஐ ஒட்டி. நீங்கள் அவரில் பாதிகூட இல்லை. இது ஒரு பக்கம் இருக்கட்டும், நடைமுறையில் இடிக்கிற இடங்கள் வேறு. முதலில் கண். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வந்துவிடும். படிக்க உட்கார்ந்தால் தலை வலிக்கிறது, தூக்கம் வருகிறது, 'எனக்குப் படிப்பு வரவில்லை' என்று முடிவு கட்டுகிற பலருக்கு வேண்டியது ஒரு கண்ணாடி. சேர்க்கைக் கட்டணத்துக்கு முன்னால் கண் பரிசோதனைக்குப் போய் வாருங்கள்.

இரண்டாவது கை. இதை யாரும் யோசிப்பதில்லை. தேர்வு மூன்று மணி நேரம். வவுச்சர் எழுதுகிற கைக்கு, இடைவிடாமல் இருபது பக்கம் எழுதுவது பழக்கமில்லை. ஒரு மணி நேரத்தில் விரல் மரத்து, எழுத்து சாய்ந்து, தெரிந்த பதிலையும் பாதியில் விட்டு வருவார்கள். நல்ல படிப்பாளிகள் இதில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். பங்குனி, சித்திரையில் தினமும் படித்ததை மூடிவைத்துவிட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். வைகாசியில் வாரம் ஒருநாள் ஒரு பழைய வினாத்தாளை எடுத்து, கடிகாரத்தை வைத்து, மூன்று மணி நேரம் முழுதாக. நினைவாற்றலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கும் இதுதான் மருந்து, ஏனென்றால் எழுதிப் பார்த்தது தங்கும், வாசித்தது நழுவும்.

நேரம் எங்கே என்றால், உங்கள் வீட்டு நிலவரம் உங்களுக்குத்தான் தெரியும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படியுங்கள் என்று சொல்கிறவர்கள் மாடு கறந்து பழகாதவர்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கிற நேரத்தைக் கூட்டினாலே ஒரு தாள் படித்துவிடலாம் என்று ஒரு மாணவர் கிண்டலாகச் சொல்வார். விளையாட்டாகச் சொன்னாலும் அவர் பையில் எப்போதும் நாலு பக்கம் மடித்து இருக்கும். மகள் பத்தாவது படிக்கிறாள் அல்லவா, அவள் உட்காரும் நேரத்தில் எதிரே நீங்களும் உட்காருங்கள். அவளுக்கும் அது நல்லது, உங்களை எழுப்பி வேலை சொல்லவும் மற்றவர்களுக்குக் கொஞ்சம் கூச்சம் வரும்.

ஊர் பேசும். 'பேரன் பேத்தி எடுக்கிற வயசுல என்ன படிப்பு?' என்று ஒரு சின்னம்மாவாவது கேட்பார். பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டுக்காரர், பிள்ளைகள், சங்கச் செயலாளர் ஆகியோருக்கு மட்டும் தெரிந்தால் போதும். செயலாளருக்குச் சொல்வது அவசியம், தேர்வு நாள்களில் விடுப்பு வேண்டுமே. மற்றவர்களுக்கு முதல் மதிப்பெண் பட்டியல் வந்த பிறகு தெரியட்டும்.

கடைசியாகக் காகிதங்கள். இதில்தான் திருமணமான பெண்கள் அதிகம் அலைகிறார்கள். பிளஸ் டூ சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர், வங்கிக் கணக்கில் இன்னொரு எழுத்து. 2024இலிருந்து தொலைநிலைப் படிப்பில் சேர டெப் ஐடி (டெப் என்பது நான் முன்பு சொன்ன யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு) என்ற எண்ணை யுஜிசி தளத்தில் உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன், சான்றிதழ்களைச் சேமிக்கும் அரசின் டிஜிலாக்கர் வழியாக, மாணவரின் கிரெடிட் கணக்குக்கான ஏபிசி ஐடி எடுக்கவேண்டும். இரண்டும் ஆதாரைத் தொட்டு வருபவை, பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரைத் திருத்துவதுதான் சுலபம், பட்டமும் அந்தப் பெயரிலேயே வரும். ஆதாரோடு இணைத்த கைப்பேசி எண் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள், ஓடிபி அதற்குத்தான் போகும். பிளஸ் டூ மார்க் ஷீட் வெள்ளத்திலோ கரையானிலோ போயிருந்தால், கடைசியாகப் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் மூலம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்து இரண்டாம்படி வாங்கலாம். நாளாகும். இப்போதே ஆரம்பியுங்கள்.

சேர்க்கை வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரிச் சுற்று, ஜூலைச் சுற்று. உங்களுக்கு ஜனவரிதான். ஜூலையில் சேர்ந்தால் புத்தகம் கைக்கு வரும்போது நீங்கள் நடவிலும் பயிர்க்கடனிலும் இருப்பீர்கள், முதல் புத்தகம் பிரிக்காமலே தை வந்துவிடும். ஜனவரியில் சேர்ந்தால் அறுவடை முடிகிற நேரத்துக்குப் பாடம் வந்து நிற்கும். கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய், நெல்லுப் பணம் கைக்கு வருகிற காலமும் அதுதான். ஆதார் திருத்தத்தையும் அந்த இரண்டு ஐடிகளையும் மார்கழிக்குள் முடித்துவிட்டால், பொங்கல் கழிந்ததும் விண்ணப்பம் போடுவது மகன் துணையோடு அரைமணி நேர வேலை.